ஆபீஸ் டைம், சரியான டைம்

சென்ற இதழில் யுபிஎஸ் பேட்டரி பற்றி எழுதியபோது, கரண்ட் போய் வந்த பிறகு கம்ப்யூட்டர் காட்டும் மணியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, இந்த முறை முழுக்க மணி பார்க்கும் சங்கதியையே வைத்துக்கொள்வோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நாற்பது கம்ப்யூட்டர், ஒரு சர்வர், வாசலில் விரல் வைக்கிற வருகை மெஷின் ஒன்று. மெஷினில் 9.06 என்று விழும்போது என் கம்ப்யூட்டரில் 9 மணிதான் ஆகிறது. பக்கத்து மேஜையில் 9.03. ஒன்பது ஐந்தைத் தாண்டினால் லேட், மூன்று லேட் சேர்ந்தால் அரை நாள் சம்பளம் பிடித்தம். ஜங்ஷனிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிற எங்கள் எட்டுப் பேருக்கும் போன மாதம் பிடித்துவிட்டார்கள். எந்த மணி சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, தச்சநல்லூர்

பதில்: தங்கச்சி, முதல் வேலை, எந்தக் கடிகாரத்தையும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐடி பையன் வந்து எல்லாவற்றையும் கையால் சரிசெய்துவிட்டுப் போனால், எவ்வளவு தப்பு, எந்தப் பக்கம் தப்பு, எது யாரைப் பார்த்துத் தப்பாக ஓடியது என்ற தடயமெல்லாம் அதோடு அழிந்துபோகும். தப்பான மணிதான் இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கிற சாட்சி.

ஒரு முழுத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு கம்பெனி சிம் போட்ட இரண்டு போன்களில் தானாக நேரம் எடுக்கும் வசதியை ஆன் செய்து, இரண்டும் ஒரே மணி காட்டுகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் அதுதான் உங்கள் அளவுகோல். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய், அது போனைவிட எத்தனை நிமிடம், எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று எழுதுங்கள். சர்வர், வருகை மெஷின், பில்லிங் கம்ப்யூட்டர், கேட்டில் இருக்கிற கேமரா ரெக்கார்டர், ஒன்றையும் விடாதீர்கள். இரண்டு நாள் கழித்து அதே நேரத்துக்கு மறுபடி ஒரு சுற்று.

இரண்டு சுற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தாளே பேசும். வித்தியாசம் கூடிக்கொண்டே போகிற மெஷின் யாரையும் கேட்காமல் தன்பாட்டுக்கு ஓடுகிறது. வித்தியாசம் அப்படியே நிற்கிற மெஷின் தப்பான ஒரு கடிகாரத்தைப் பார்த்து ஒழுங்காக ஓடுகிறது. அப்போது கோளாறு அதனிடம் இல்லை, அது பார்க்கிற கடிகாரத்தில். அரை மணிக் கணக்கில், மணிக் கணக்கில் சுத்தமாக வித்தியாசம் வந்தால் நேர மண்டலம் தப்பாக இருக்கும். வருஷமே மாறி இருந்தால் உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்துவிட்டது.

என் அப்பா டவுன் ரத வீதியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சுவரில் பத்து இருபது கடிகாரம் ஓடும், மேஜையில் கைக்கடிகாரம் குவிந்து கிடக்கும். காலையில் ரேடியோவில் செய்திக்கு முன்னால் பீப், பீப் என்று வருகிற சத்தத்துக்குத் தன் மணிக்கட்டில் கட்டிய ஹெச்எம்டி ஒன்றை மட்டும் திருத்துவார். கடையில் உள்ள மற்றதெல்லாம் அந்த ஹெச்எம்டியைப் பார்த்துத்தான். ஒரு நாள் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு வாட்ச்சைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு போனவரைத் தெருவில் ஓடிப்போய்க் கூட்டிவரச் சொன்னார். முக்கால் நிமிட வித்தியாசம்தான் இருந்தது. ஆனால் சுவரைப் பார்த்து ஒன்று, மேஜையைப் பார்த்து ஒன்று என்று ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் கடையில் எது சரி என்றே தெரியாமல் போகும் என்றார். நாற்பது கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸுக்கும் நான் இன்றைக்கு அதைத்தான் செய்கிறேன். வெளியே கேட்க ஒன்று. அந்த ஒன்றைக் கேட்க மற்ற எல்லாம்.

உங்கள் வருகை மெஷினுக்கு வருவோம். நான் பார்த்த இந்த வகை மெஷின்களில் பெரும்பாலானவை தானாக வெளியே போய் மணி கேட்பதில்லை. பதிவுகளை இறக்குகிற சாஃப்ட்வேர் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதோ, அந்தக் கம்ப்யூட்டரின் மணியை மெஷினுக்குள் தள்ளிவிடும். அந்தக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் பர்சனல் பிரிவில் மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிற பழையதாக இருக்கும், டொமைனில், அதாவது ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒரே சர்வரின் பொறுப்பில் கட்டிவைக்கிற ஏற்பாட்டில், சேர்க்காமலே விட்டிருப்பார்கள். முதலில் அதன் மணியைப் பாருங்கள். அதுவும் அதே ஆறு நிமிடம் முந்தினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அதை டொமைனில் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது சர்வரைப் பார்த்து மணி எடுக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். மெஷினின் மெனுவிலேயே என்டிபி (நெட்வொர்க் வழியாக மணி கேட்கிற முறை) என்று ஒரு இடம் இருந்தால் இன்னும் நல்லது, அங்கே சர்வரின் ஐபி எண்ணைப் போட்டுவிட்டால் நடுவில் ஆளே வேண்டாம்.

அந்த எட்டுப் பேரின் சம்பளத்தை விட்டுவிடாதீர்கள். தேதியும் நேரமும் போட்ட இரண்டு தாளையும் ஜெராக்ஸ் எடுத்து, கேட் கேமராப் பதிவில் நீங்கள் உள்ளே வந்த நேரத்தையும் சேர்த்து, பிடித்தத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கேமராவின் மணியும் தாளில் இருப்பதால், அது எவ்வளவு தப்பு என்பதையும் கழித்துச் சரியான நேரத்தைச் சொல்லிவிடலாம். மெஷின் ஆறு நிமிடம் முந்துகிறது என்று எண்ணிக்கையில் காட்டினால் எந்த மேனேஜரும் அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. இயந்திரத்தின் தப்புக்குக் கூலியில் கை வைக்கக்கூடாது.

கேள்வி: காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் 2009 என்று தேதி காட்டுகிறது. பேங்க் வெப்சைட் எதுவும் திறக்கவில்லை. திருத்தினால் அன்றைக்கு முழுக்க நன்றாக ஓடுகிறது, மறுநாள் பழைய குருடி. வைரஸா?
— மளிகைக் கடைக்காரர், சுரண்டை

பதில்: வைரஸ் இல்லை அண்ணாச்சி. மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, மூன்று வோல்ட். ராத்திரி நீங்கள் மெயினை அணைத்த பிறகு கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்தால் கடிகாரம் அந்த போர்டு பிறந்த வருஷத்துக்கோ அதற்குப் பக்கத்திலோ போய் நின்றுவிடும். பேங்க் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதப்பட்டது. 2009-இல் அது இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் பிரவுசர் கதவைத் திறக்காது.

விண்டோஸ் தானாகத் திருத்தாதா என்று கேட்பீர்கள். டொமைனில் இல்லாத தனிக் கம்ப்யூட்டரில், வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் அது கை வைக்காது. கேட்ட இடத்தில்தான் தப்போ என்று சந்தேகப்பட்டு ஒதுங்கிவிடும்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரியை மாற்றி, தேதியை ஒரு தடவை கையால் போடுங்கள். மாற்றுகிறபோது மின் ஒயரை உருவிவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. பாளையங்கோட்டையில் ஒரு நிறுவனத்துக்கு சிஸ்டம் அட்மினாகப் போன வருஷம் சேர்ந்தேன். 65 கம்ப்யூட்டர்கள், எல்லாம் டொமைனில். அத்தனையும் எட்டு நிமிடம் முந்துகிறது. சர்வரில் கையால் திருத்தினால் கொஞ்ச நேரத்தில் பழைய மணிக்கே போய்விடுகிறது. ஒரு கம்ப்யூட்டரை மட்டும் திருத்திப் பார்த்தேன், சர்வரோடு நேர வித்தியாசம் என்று சொல்லி ஷேர் ஃபோல்டர் திறக்க மறுத்தது. டொமைன் கன்ட்ரோலர் ஹைப்பர்-வியில் விர்ச்சுவல் மெஷினாக ஓடுகிறது. எங்கே பார்ப்பது?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, கடைசியில் எழுதிய வரியிலேயே பதில் இருக்கிறது. மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: டொமைனை நிர்வகிக்கிற சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். ஒரு நிஜ மெஷினுக்குள் சாஃப்ட்வேரால் உண்டாக்கிய இன்னொரு மெஷின் விர்ச்சுவல் மெஷின், அதை உண்டாக்குகிற மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர் ஹைப்பர்-வி. இதே வியாதியை நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலை ஆபீஸில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அங்கே பதினோரு நிமிடம். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. "எங்க ஆபீஸ் டைம் கொஞ்சம் ஃபாஸ்ட்டு" என்று சொல்லிக்கொண்டு, வருஷக்கணக்கில் மனசுக்குள்ளேயே பதினொன்றைக் கழித்து வாழ்ந்திருக்கிறார்கள். புதிதாக ஒரு கணக்கு சாஃப்ட்வேர் வாங்கி, போனில் வருகிற ஆறு இலக்கக் குறியீட்டைப் போட்டால்தான் உள்ளே விடும் என்று ஆனபோதுதான் வெளியே வந்தது. அந்தக் குறியீடு முப்பது விநாடிக்கு ஒருதரம் மாறும், போனும் சர்வரும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் இரண்டும் ஒரே எண்ணைக் கணக்குப் போடும். பதினோரு நிமிட வித்தியாசத்தில் ஒரு குறியீடும் செல்லவில்லை.

முதல் நாள் முழுக்க நான் இன்டர்நெட் லைனைப் பார்த்தேன், இரண்டாம் நாள் ஃபயர்வால். மூன்றாம் நாள் காலையில்தான் டொமைன் கன்ட்ரோலரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'டபிள்யூ32டிஎம் /குவெரி /சோர்ஸ்' என்று தட்டினேன். நீ யாரைப் பார்த்து மணி வைத்திருக்கிறாய் என்று அந்த மெஷினையே கேட்கிற கட்டளை அது. 'விஎம் ஐசி டைம் சிங்க்ரனைசேஷன் புரொவைடர்' என்று பதில் வந்தது. அப்படியென்றால் அதைத் தாங்கி நிற்கிற ஹோஸ்ட் மெஷினைப் பார்த்து எடுக்கிறது. சரி என்று ஹோஸ்டுக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டேன். திரையில் டொமைன் கன்ட்ரோலரின் பெயர் வந்தது. ஹோஸ்டையும் அதே டொமைனில் சேர்த்து வைத்திருந்தார்கள். ஹோஸ்ட் விருந்தாளியைக் கேட்கிறது, விருந்தாளி ஹோஸ்டைக் கேட்கிறது. வெளியே ஒருவரும் கேட்கவில்லை. மதர்போர்டில் இருக்கிற படிகம் நாளுக்கு ஒரு விநாடி, இரண்டு விநாடி முந்த முந்த, இரண்டும் கைகோத்துக்கொண்டு போயிருக்கின்றன. ஒரு வருஷத்தில் பத்து நிமிடம் ஒன்றும் பெரிய தூரம் இல்லை.

உங்கள் இரண்டு மெஷினிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நான் நினைக்கிறபடி பதில் வந்தால், நான் அங்கே செய்ததை அப்படியே சொல்கிறேன்.

டொமைன் கன்ட்ரோலர் இரண்டு மூன்று இருந்தால் 'நெட்டோம் குவெரி எஃப்எஸ்எம்ஓ' தட்டிப் பிடிசி எமுலேட்டர் எது என்று பாருங்கள். டொமைன் முழுவதும் கடைசியில் அதைத்தான் பார்க்கும், அதனால் வெளியே கேட்கிற வேலை அது ஒன்றுக்கு மட்டும். ஹைப்பர்-வி செட்டிங்கில், இன்டக்ரேஷன் சர்வீசஸ் என்ற பக்கத்தில், அந்த விர்ச்சுவல் மெஷினுக்கு டைம் சிங்க்ரனைசேஷன் என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்தேன். பிறகு டபிள்யூ32டிஎம் கான்ஃபிக் கட்டளையில் மேனுவல்பியர்லிஸ்ட் என்ற இடத்தில் வெளிச் சர்வர்களின் பெயரைக் கொடுத்து, சிங்க்ஃப்ரம்ஃபிளாக்ஸ் மேனுவல், ரிலையபிள் யெஸ், அப்டேட் என்று முடித்து, டைம் சர்வீஸை நிறுத்தித் திரும்ப ஆரம்பித்தேன். ஹோஸ்ட் வழக்கம்போல டொமைனையே பார்க்கட்டும், அதில் தப்பில்லை. வட்டம் அறுந்துவிட்டது, அதுதான் வேண்டும்.

வெளிச் சர்வர் எது என்று குழம்ப வேண்டாம். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் 'டைம் டாட் என்பிஎல்இந்தியா டாட் ஓஆர்ஜி', மத்திய அரசின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கிற என்ஐசியின் 'சமய்1 டாட் என்ஐசி டாட் இன்', 'சமய்2 டாட் என்ஐசி டாட் இன்'. 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி, கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவில், கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டர்களின் நேரத்தை இந்த இரண்டு நிறுவனங்களின் சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றுகிற சர்வர்களோடு இணைத்து வைக்க வேண்டும் என்றே சொல்லியிருக்கிறார்கள். முதலாளியிடம் காரணம் சொல்ல உங்களுக்கு அது ஒன்று போதும்.

பெயரைக் கொடுத்த கையோடு 'டபிள்யூ32டிஎம் /ஸ்ட்ரிப்சார்ட் /கம்ப்யூட்டர்:' என்று போட்டு அந்தச் சர்வரின் பெயரைச் சேர்த்துத் தட்டுங்கள். வரிசையாக வித்தியாசம் எத்தனை விநாடி என்று எண்கள் ஓடினால் பாதை திறந்திருக்கிறது. எரர் என்று வந்தால் ஃபயர்வாலில், மணி கேட்டுப் போகிற வழியான யூடிபி 123 அடைபட்டிருக்கிறது. டிசிபி என்ற வேறு வழியில் 123-ஐத் திறந்துவிட்டுத் திறந்தாச்சு என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர், யூடிபி என்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது மிக முக்கியமான இடம். இதை வேலை நேரத்தில் செய்யாதீர்கள். டொமைனில் ஆளை அடையாளம் பார்க்கிற கெர்பரோஸ் என்ற ஏற்பாடு, ஒவ்வொரு அனுமதிச் சீட்டிலும் நேரத்தைக் குத்தித்தான் கொடுக்கும். யாராவது பழைய சீட்டைத் திருடி வைத்துக்கொண்டு மறுபடி நீட்டிவிடக்கூடாது என்பதற்காக, இரண்டு பக்கத்து மணிக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சீட்டை வாங்காது. நீங்கள் திருத்திய ஒற்றைக் கம்ப்யூட்டர் எட்டு நிமிடம் விலகிப்போய் மாட்டிக்கொண்டது இதனால்தான். நாலு நிமிடமாக இருந்திருந்தால் சத்தமில்லாமல் போயிருக்கும். பகலில் சர்வரைத் திருத்தினால் 65 பேரும் அந்தப் பக்கம் மாட்டுவார்கள்.

இன்னொன்று, நீங்கள் மணியைப் பின்னால் இழுக்கிறீர்கள். அப்படியென்றால் எட்டு நிமிடம் இரண்டு தடவை வரும். ஏழு மணிக்குப் போட்ட பில்லுக்குப் பிறகு ஆறு ஐம்பத்தைந்துக்கு ஒரு பில் விழுந்தால், வரிசை மாறி ஆடிட்டர் தலையைப் பிடித்துக்கொள்வார். ஆலையில் நான் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, பில்லிங்கை மூடச் சொல்லி, எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைக்கச் சொல்லி, சர்வரைத் திருத்திவிட்டு, அரை மணி சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். மறுநாள் காலையில் நாலைந்து கம்ப்யூட்டர் மட்டும் அடம் பிடித்தது. அவற்றில் சோர்ஸ் கேட்டால் 'லோக்கல் சிமோஸ் கிளாக்' என்று வந்தது, தன் கடிகாரத்தையே தான் பார்க்கிறது என்று அர்த்தம். டைம் சர்வீஸை நிறுத்தி, அன்ரெஜிஸ்டர், ரெஜிஸ்டர் செய்து, திரும்ப ஓட்டியதும் சரியாகிவிட்டது. உங்களுக்கும் சில அப்படி வரும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கிறது. லினக்ஸுக்குப் போய்விட்டு விண்டோஸுக்கு வந்தால் சரியாக ஐந்தரை மணி நேரம் பிந்துகிறது. ஏன்?
— கல்லூரி மாணவர், மேலப்பாளையம்

பதில்: ஐந்தரை என்ற எண்ணைப் பார்த்ததும் கோளாறு கடிகாரத்தில் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். நம் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். மதர்போர்டுக் கடிகாரத்தில் இருப்பது பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும், ஊர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவர வேண்டும். லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று ஒரு தடவை கொடுங்கள், வேலை முடிந்தது.

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். சர்வர் சர்வரைக் கேட்கிறது, அது இன்னொன்றைக் கேட்கிறது என்கிறீர்கள். கடைசியில் சரியான நேரத்தைச் சொல்வது யார்? எங்கள் வீட்டு முற்றத்தில் குச்சி நட்டுப் பார்த்தால் பன்னிரண்டு மணிக்கு உச்சி வருவதே இல்லையே?
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: சார், நீங்கள் குச்சி நட்டுப் பார்த்ததைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். உங்கள் குச்சி சொல்வது உண்மை. இந்திய நேரம் என்பது 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையில், இப்போது பிரயாக்ராஜ் என்கிற அலகாபாத் பக்கம் மிர்சாபூர் வழியாகப் போகிற கோட்டில், சூரியனை வைத்துக் கணக்கிட்டது. நம் திருநெல்வேலிச் சீமை அதற்கு மேற்கே, 77.7 பாகைக்கு அக்கம்பக்கத்தில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிடம், ஆகச் சுமார் 19 நிமிடம் பிந்தித்தான் நமக்கு உச்சி. அதுவும் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. பூமி சூரியனைச் சுற்றுகிற வேகமும் அதன் சாய்வும் சேர்ந்து, பிப்ரவரியில் 12.33 வரை தள்ளும், நவம்பர் தொடக்கத்தில் 12.03-க்கே கொண்டுவந்துவிடும். இரண்டு மாதத்திலும் ஒருதரம் குச்சி நட்டுப் பாருங்கள்.

இந்த நேரம் நமக்கு 1906 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன்னால் சென்னை வானியல் ஆய்வுக்கூடத்தை வைத்துக் கணக்கிட்ட மெட்ராஸ் நேரம் இருந்தது, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். ரயில்கள் அந்த மணிக்கு ஓடின. ரயில்வேக்கு ஒரு மணி, ஊருக்கு ஒரு மணி என்று மக்கள் கணக்குப் போட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார்கள். அந்த ஆலை ஆபீஸில் பதினொன்றைக் கழித்த மாதிரிதான்.

இன்றைக்கு இந்திய நேரத்தைக் காப்பது நான் முன்னால் சொன்ன தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக் கடிகாரங்கள். அவற்றோடு நேரடியாக இணைந்த சர்வருக்கு ஒன்றாம் படி என்று பெயர், அதைக் கேட்பது இரண்டாம் படி, அதைக் கேட்பது மூன்றாம் படி. பதினாறாம் படி என்று ஒரு கம்ப்யூட்டர் சொன்னால், தனக்கு மணி தெரியாது என்று அதுவே ஒப்புக்கொள்கிறது.

ஒன்று மற்றொன்றைக் கேட்கிற முறையைத்தான் என்டிபி என்கிறோம். அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ் உண்டாக்கியது, 1985-இல் முதன்முதலில் எழுத்தில் வெளியானது. 2024 ஜனவரியில் அவர் இறந்தபோது இந்த ஊரில் என்னைத் தவிர எத்தனை பேர் வருத்தப்பட்டார்களோ தெரியாது. பிறவியிலேயே கண் நோய் உள்ள மனிதர், கடைசி வருஷங்களில் பார்வையே போய்விட்டது. அவர் செய்தது இதுதான்: தெருமுனைக் கடைக்கு ஒரு பையனை அனுப்பி மணி கேட்டுவரச் சொல்கிறீர்கள். பத்தேகால் என்று வந்து சொல்கிறான். ஆனால் அவன் நடந்து வந்த நேரத்தில் பத்தேகால் தாண்டிவிட்டது. அவன் போனது எப்போது, கடையில் நுழைந்தது எப்போது, கிளம்பியது எப்போது, வந்து சேர்ந்தது எப்போது என்ற நாலையும் குறித்துக்கொண்டால், நடந்த நேரத்தில் பாதியைக் கூட்டிச் சரியான மணியைப் பிடித்துவிடலாம். போகிற வழியும் வருகிற வழியும் ஒரே தூரம் என்று வைத்துக்கொண்டு போடுகிற கணக்கு. லைன் ஒரு பக்கம் மட்டும் நெரிசலாக இருந்தால் சில மில்லி விநாடி பிசகும், ஆபீஸ் வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: ராதாபுரம் பக்கம் காற்றாலைப் பண்ணையில் வேலை. கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட் கொடுக்க மாட்டார்கள். லைன் ட்ரிப் ஆனால் எந்த மெஷின் முதலில் விழுந்தது என்று பார்க்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு மணி சொல்கிறது. இன்டர்நெட் இல்லாமல் ஒழுங்குபடுத்த வழி உண்டா?
— வாசகர், பணகுடி

பதில்: உண்டு. இன்டர்நெட் கொடுக்காததும் நல்லதுதான், அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஜிபிஎஸ் கடிகாரம் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். கூரையில் ஆன்டெனா, உள்ளே ஒரு பெட்டி, அதிலிருந்து நெட்வொர்க் கேபிள். அந்தப் பெட்டியே உங்கள் பண்ணைக்குள் ஒன்றாம் படிச் சர்வர். எல்லாக் கம்ப்யூட்டரும் அதன் ஐபி எண்ணைப் பார்க்கட்டும்.

உங்கள் வேலைக்கு இது எவ்வளவு தேவை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரண்ட் விநாடிக்கு ஐம்பது சுழற்சி ஓடுகிறது, ஒரு சுழற்சிக்கு 20 மில்லி விநாடி. எது முதலில் விழுந்தது என்ற சண்டை அந்த அளவுக்குள்தான் தீரும். கையால் மணி வைத்த கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு அதைச் சொல்லவே முடியாது. கடைசியில் பழி அன்றைக்கு ஷிப்டில் இருந்த பையன் தலையில் விழும்.

பெட்டி வந்த பிறகு 18 விநாடி வித்தியாசம் தெரிந்தால் அதைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஜிபிஎஸ் தன் கணக்கை 1980 ஜனவரி 6-இல் தொடங்கி, நடுவில் நிற்காமல் எண்ணிக்கொண்டே போகிறது. உலக நேரத்தில் அதன் பிறகு 18 தடவை, பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போவதற்காக, லீப் விநாடி என்று ஒரு விநாடியைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டார்கள். கடைசியாகச் சேர்த்தது நமக்கு 2017 ஜனவரி 1 காலை ஐந்தரைக்கு. நல்ல பெட்டி இந்த 18-ஐ வானத்திலிருந்தே தெரிந்துகொண்டு கழித்துக் கொடுக்கும். செட்டிங்கில் ஜிபிஎஸ் டைம், யூடிசி (உலகப் பொது நேரம்) என்று இரண்டு இருந்தால் யூடிசியை வையுங்கள். முதன்முதலில் போட்டவுடன் பார்க்காதீர்கள், அரை மணி விட்டுப் பாருங்கள்.

ஆன்டெனாவுக்கு வானம் நாலு பக்கமும் தெரிய வேண்டும். ஆடி மாசக் காத்தில் உங்கள் பக்கம் தகரமே பறக்கும், கிளாம்ப்பை இரட்டையாகப் போடச் சொல்லுங்கள். ஐப்பசி இடிக்கு, கேபிள் உள்ளே நுழைகிற இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் கட்டாயம் வேண்டும், அதன் எர்த் ஒயரை ஜன்னல் கம்பியில் கட்டாமல் முறையான எர்த் பிட்டுக்குக் கொண்டுபோங்கள். கூரையிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்குக் கேபிள் எத்தனை மீட்டர் வரும் என்று அளந்து எழுதுங்கள். முப்பதைத் தாண்டினால் சிக்னல் தேய்ந்துவிடாத கேபிள் எது என்று பார்த்து, அடுத்த இதழில் சொல்கிறேன்.